வீட்டு நீர்ச்சேதச் சீரமைப்பு

வீட்டு நீர்ச்சேதச் சீரமைப்பு என்பது வெள்ளம், மழைக்கசிவு, குழாய் உடைப்பு, கழிவுநீர்ப் பெருக்கு முதலியவற்றால் நீர் புகுந்த வீட்டைத் தூய்மையாக்கி, உலர்த்தி, மீண்டும் மக்கள் வாழத் தக்கதாக்கும் பணியாகும். நீரை இறைத்தல், சேறு அகற்றல், கழுவுதல், கிருமி நீக்கம், உலர்த்தல், பழுதுபார்த்தல் ஆகியன இதன் முதன்மைப் படிநிலைகள். அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளில் இது தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. தமிழகத்தில் இப்பணி பெரும்பாலும் வீட்டாராலும், கொத்தனார், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், தூய்மைப் பணியாளர் ஆகியோராலும் தனித்தனியே செய்யப்படுகிறது.

இக்கட்டுரை தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியை விளக்குகிறது. 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் இப்பகுதியின் வீடுகள் மீண்டும் மீண்டும் வெள்ளத்திற்கு உள்ளாயின.

பகுதியின் நீரமைப்பு

தென்சென்னைப் புறநகரின் நிலம் ஏரிகளாலும் அவற்றை இணைக்கும் கால்வாய்களாலும் ஆனது. ஓர் ஏரி நிறைந்ததும் அதன் உபரிநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும். நகர விரிவாக்கத்தின்போது ஏரிகளின் ஆயக்கட்டு வயல்களும் தாழ்நிலங்களும் வீட்டு மனைகளாயின. எனவே மழைக்காலத்தில் நீர் தன் பழைய வழியிலேயே வந்து வீடுகளைச் சூழ்கிறது.

இப்பகுதியை இரண்டாகப் பிரித்துக் காணலாம்.

* மேற்குப் பகுதி: அடையாறு ஆதனூர் ஏரிப் பகுதியில் தோன்றி ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. வரதராஜபுரம், முடிச்சூர், மேற்குத் தாம்பரம் ஆகியவை இதன் மேல்போக்கில் அமைந்துள்ளன. இங்கு வெள்ளம் விரைந்து ஏறும். ஓடும் நீர் வண்டலையும் சேற்றையும் வீட்டினுள் கொண்டுவரும்.
* கிழக்குப் பகுதி: செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் முதலிய ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்கிறது. இந்நிலம் தாழ்வானது, வடியும் வழிகள் குறுகியவை. ஆகையால் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை ஆகிய இடங்களில் நீர் பல நாட்கள் தேங்கி நிற்பதுண்டு.

செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் இக்கூடலுக்கு மேலே உள்ளன. எனவே செம்பரம்பாக்கம் திறக்கப்படாத நாளிலும், ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகள் நிறைந்து வழிந்தால் இவ்விரு ஊர்களும் வெள்ளத்திற்கு உள்ளாகும்.

வெள்ள நிகழ்வுகள்

2015 நவம்பர் நடுவில் முடிச்சூர் பகுதியில் முதன்முறை வெள்ளம் புகுந்தது. பின்னர் டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஒரு மனை (கிரவுண்ட், 2400 சதுர அடி) பரப்பில் மட்டும் இம்மழை ஏறத்தாழ 1,09,000 லிட்டர் நீராகும். இது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒன்பதில் அடங்கும் அளவு. நவம்பரில் கழுவித் துடைத்த வீடுகளில் மூன்றே வாரங்களில் மீண்டும் நீர் புகுந்ததால், உலராத சுவர்கள் இரண்டாம் முறையும் நனைந்தன.

2021 நவம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மீண்டும் நீரில் சூழப்பட்டன. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம், முடிச்சூர் உள்ளிட்ட இடங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது.

நீரின் வகைப்பாடு

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு தரைவிரிப்புத் தூய்மையாக்கத் தொழிலுக்காகத் தோன்றிய சான்றளிப்பு அமைப்பொன்று, பின்னர் ஐ.ஐ.சி.ஆர்.சி. எனப் பெயர் பெற்றது. அது 1994ஆம் ஆண்டு எஸ்500 என்னும் நீர்ச்சேதச் சீரமைப்புத் தரத்தை முதலில் வெளியிட்டது. இத்தரம் நீரை அதன் மாசினைப் பொறுத்து மூன்றாக வகுக்கிறது.

1. முதல் வகை: குடிநீர்க் குழாய் உடைப்பு போன்ற தூய நீர்.
2. இரண்டாம் வகை: துணி துவைக்கும் இயந்திரக் கழிவுநீர் போன்ற, நோய் உண்டாக்கக்கூடிய மாசு கலந்த நீர்.
3. மூன்றாம் வகை: சாக்கடை நீர், ஆற்று வெள்ளம் போன்ற கடும் மாசு நீர்.

தூய நீரும் நாள்பட நின்றால் அடுத்த வகைக்கு இறங்கும். தென்சென்னைப் புறநகரில் புதைசாக்கடை இல்லாத பல தெருக்களில் வீடுதோறும் கழிவுத் தொட்டி உள்ளது. வெள்ளத்தில் இத்தொட்டிகள் மூழ்கி, உள்ளிருப்பது வெளிநீரில் கலக்கிறது. எனவே இங்கு வீட்டினுள் புகும் வெள்ளநீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் மூன்றாம் வகையாகவே கருதப்பட வேண்டும்.

மேற்கூறிய தரம் உலர்த்துவதற்கான கடினத்தைப் பொறுத்து நான்கு வகுப்புகளையும் கூறுகிறது. செங்கல், காரை, கற்காரை, கல் முதலிய, நீரை மெதுவாக வெளிவிடும் பொருட்கள் நனைந்த நிலை நான்காம் வகுப்பாகும். மரச்சட்டமும் மென்பலகைச் சுவரும் கொண்ட அமெரிக்க வீடுகளில் நனைந்த பலகையை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது பொருத்துவர். தாம்பரத்தின் செங்கற்சுவர் வீட்டில் அது இயலாது. சுவரை அப்படியே நிறுத்திப் பொறுமையாக உலர்த்துவதே வழி.

சேதம் உண்டாகும் விதம்

வெள்ளம் நின்ற உயரத்தோடு சேதம் முடிவதில்லை. செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்ணிய புழைகள் நீரை மேல்நோக்கி உறிஞ்சுகின்றன. எனவே நீர்க்கறைக்கு மேலேயும் சுவரில் ஓதம் ஏறுகிறது. ஓதம் மெதுவாக வெளியேறும்போது நீரில் கரைந்த உப்புகள் சுவர்ப்பரப்பில் வெண்மையாகப் பூக்கின்றன. பூச்சுக்கு அடியில் உப்பு படிந்து பெருத்தால் காரை பொரிந்து உதிரும்.

ஈரம் நீங்காத இடத்தில் பூஞ்சணம் வளர்கிறது. நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்தினால் பெரும்பாலும் பூஞ்சண வளர்ச்சியைத் தவிர்க்கலாம் என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது. நீர் பல நாட்கள் தேங்கும் இடங்களில் இக்கெடு வீட்டிற்குள் நுழையும் முன்பே கடந்துவிடும். பூஞ்சண வித்துகள் ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டவல்லவை.

ஒட்டுப்பலகை, துகட்பலகை ஆகியவற்றால் செய்த அலமாரிகள் நீரில் ஊதிப் பிரிந்துவிடும். நல்ல மரத்தாலான கதவும் நிலையும் நிழலில் மெதுவாக உலர்ந்தால் பெரும்பாலும் மீளும்.

சீரமைப்பின் படிநிலைகள்

பாதுகாப்பு

வீட்டிற்குள் நுழையும் முன் மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதி செய்ய வேண்டும். முதன்மை நிலைமாற்றியை அணைக்க நீரில் நிற்க வேண்டியிருந்தால் அதனைத் தொடாமல் மின்வாரியத்திற்குத் தெரிவிக்க வேண்டும். தெருவில் மின்தடை இருந்தாலும், வீட்டிலுள்ள இன்வெர்ட்டர் தன் மின்கலத்திலிருந்து கம்பிகளுக்கு மின்சாரம் அளித்துக்கொண்டிருக்கலாம். இது பலரும் மறக்கும் பேரிடர். நீரில் மூழ்கிய சாதனங்களை மின்பணியாளர் ஆய்வு செய்யும் வரை இயக்கலாகாது.

சமையல் எரிவாயு உருளை நீரில் மிதந்து குழாய் அறுந்திருக்கலாம். எனவே முதலில் சன்னல்களைத் திறந்து வாயுக்கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும். அலமாரி, கட்டில் ஆகியவற்றின் அடியில் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கக்கூடும். நீரில் இறங்குவோர் முழங்கால் காலணியும் கையுறையும் அணிதல் வேண்டும். எலிக்காய்ச்சல் தோலிலுள்ள புண் வழியாகப் பரவுவதால், காயமுள்ளோர் நீரில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும்; வெள்ளநீரில் நெடுநேரம் நின்றவர்கள் காய்ச்சல் கண்டால் உடன் மருத்துவரை அணுக வேண்டும்.

நீர் வெளியேற்றல்

தெருவில் நீர் வடியாத நிலையில் வீட்டு நீரை இறைப்பது பயனற்றது. வெளிநீர் தாழ்ந்த பின்னரே நீரேற்றிகள் பயன்படும். அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் நீர் நிறைந்திருந்தால் அதனை ஒரே மூச்சில் இறைக்கலாகாது. சுற்றியுள்ள மண் நீரால் நிறைந்து சுவரை உட்புறம் அழுத்திக்கொண்டிருக்கும். உள்நீர் அவ்வழுத்தத்தை ஈடுசெய்கிறது. எனவே நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்கு அளவில் படிப்படியாக இறைப்பது வழக்கம். டீசல் நீரேற்றிகளும் மின்னாக்கிகளும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை வெளியிடுவதால் அவற்றை வீட்டிற்கு வெளியே, திறந்த வெளியில் வைத்தே இயக்க வேண்டும்.

சேறு அகற்றலும் கழுவலும்

சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்து அகற்றப்பட வேண்டும். காய்ந்தால் தரை ஓட்டின் இணைப்புகளில் இறுகிவிடும். மேலிருந்து கீழாகவும், உள்ளறையிலிருந்து வாசலை நோக்கியும் கழுவுவது முறை. மின்பெட்டிகள், சன்னல் தடங்கள், கதவு நிலையின் அடிப்பகுதி, சமையல் மேடையின் அடிப்புறம் ஆகியவற்றில் சேறு தங்கும்.

கிருமி நீக்கம்

சேறும் அழுக்கும் குளோரினைச் செயலிழக்கச் செய்வதால், சோப்பு நீரால் கழுவிய பின்னரே வெளிர்த்தூள் (பிளீச்சிங் பவுடர்) கரைசலைப் பயன்படுத்த வேண்டும். சேற்றின் மீது வெறும் தூளைத் தூவுவதால் பெரும்பயன் இல்லை. கழிப்பறை கழுவும் அமிலத்தையும் வெளிர்த்தூளையும் ஒருபோதும் சேர்க்கலாகாது; சேர்த்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்.

உலர்த்தல்

முறையான சீரமைப்பில் மிகுந்த காலம் எடுப்பதும், வீட்டாரால் பெரும்பாலும் கைவிடப்படுவதும் இப்படிநிலையே. தொழில்முறையில் இதற்கு மூன்று கருவிகள் பயன்படுகின்றன. காற்றூதி ஈரப்பரப்பின் மீது காற்றை வேகமாகச் செலுத்தி ஆவியாதலை விரைவாக்கும். ஈரம் நீக்கி அவ்வாறு ஆவியான நீரைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்கும். ஈரமானி சுவர், மரம் ஆகியவற்றில் எஞ்சிய ஈரத்தை அளக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றே ஈரம் மிகுந்து இருக்கும். எனவே மழை நாளில் சன்னல்களைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிடுவதால் சுவர் உலராது. வெயில் நாட்களில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைத்தலும், மழை நாட்களில் அறையை மூடி ஈரம் நீக்கியை இயக்குதலும் பயன்தரும். அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைப்பது இன்றியமையாதது.

செங்கற்சுவர் 25 மில்லிமீட்டர் தடிப்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்ற அளவில் உலரும் என்பது பிரித்தானியக் கட்டுமானத் துறையில் வழங்கும் தோராய விதி. 9 அங்குலச் சுவர் இருபுறமும் உலர்ந்தால்கூட நான்கு மாதங்களுக்கு மேலாகும். சென்னையின் வெயில் இதனைச் சற்றுக் குறைக்கலாம். எனினும் டிசம்பரில் நனைந்த சுவர் கோடையில்தான் முழுதும் உலரும் என எதிர்பார்ப்பது பொருத்தம்.

பூச்சும் வண்ணமும்

டிசம்பர் வெள்ளத்தை அடுத்து ஐந்தாறு வாரங்களில் பொங்கல் வருகிறது. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும் வழக்கத்தால், பலர் நீர்க்கறையை மறைக்கப் பட்டி பார்த்து நெகிழி வண்ணம் பூசிவிடுகின்றனர். இப்பூச்சு சுவரிலுள்ள ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். சில மாதங்களில் வண்ணம் கொப்புளித்து உரிவதும், பின்புறம் பூஞ்சணம் படர்வதும் இதன் விளைவுகள். செய்த செலவும் வீணாகும்.

பண்டிகைக்கு வெள்ளையடிக்க வேண்டுமெனில் சுண்ணாம்பு பொருத்தமானது. அது நுண்புழைகளை அடைக்காததால் ஓதம் வெளியேறத் தடையில்லை. சுவர் உலர்ந்ததா என்பதை எளிய முறையில் அறியலாம். ஓர் அடிச் சதுர நெகிழித்தாளை நான்கு புறமும் ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் உட்புறம் நீர்த்துளி படிந்தால் சுவரில் ஈரம் எஞ்சியுள்ளது. பொரிந்த காரையைச் செங்கல் தெரியும் வரை கொத்தி நீக்கி, உப்பை உலர் தூரிகையால் துடைத்து, சுவர் உலர்ந்த பின்னரே மீண்டும் பூச வேண்டும். உப்பை நீரால் கழுவினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள் செல்லும்.

நீர்த்தொட்டியும் கழிவுத் தொட்டியும்

சென்னை வீடுகளில் தரைக்கீழ் நீர்த்தொட்டி (சம்ப்) பெரும்பாலும் வாகனம் நிறுத்தும் முற்றத்தில், தரைமட்ட மூடியுடன் அமைந்துள்ளது. முற்றத்தில் நீர் ஏறியவுடன் வெள்ளம் முதலில் புகுவது இத்தொட்டியிலேயே. வீட்டிற்குள் நீர் வராதவர்களும் தொட்டியைச் சோதிக்க வேண்டும். மோட்டாரை இயக்கினால் மாசு நீர் மேல்நிலைத் தொட்டிக்கும் குழாய்களுக்கும் பரவும். ஆகவே தரைக்கீழ்த் தொட்டியை முழுதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் கரைசலால் அலசிய பின்னரே மோட்டார் இயக்கப்பட வேண்டும்.

தெளிந்த நீரைக் கிருமி நீக்கம் செய்ய 1000 லிட்டருக்குத் தரமான வெளிர்த்தூள் ஏறக்குறைய 2.5 கிராம் தேவை எனப் பொதுநல மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மாசு மிகுந்தால் அளவு கூடும். குளோரின் கலந்து ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருத்தல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதனை செய்யும் வரை காய்ச்சிக் குடிப்பது நலம்.

கழிவுத் தொட்டியை வெள்ளம் வடிந்த உடனே காலி செய்தல் கூடாது. நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது காலித் தொட்டி மேலெழும்பவோ விரிசலுறவோ கூடும்.

ஆவணங்களும் பொருட்களும்

நனைந்த பத்திரம், சான்றிதழ், நிழற்படம் ஆகியவற்றை வெயிலில் வைக்கலாகாது. ஒட்டியுள்ள தாள்களை வலிந்து பிரிக்காமல், மைத்தாளை இடையிட்டு நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். உடனடியாக உலர்த்த இயலாத நூல்களை நெகிழிப் பையிலிட்டு உறைவிப்பானில் வைத்தால் பூஞ்சணம் வளர்வது நிற்கும். பின்னர் சில சிலவாக எடுத்து உலர்த்தலாம். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின்னர் இழந்த சான்றிதழ்களுக்கு மாற்றுப் படிகளை வழங்கத் தமிழக அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது.

வெள்ளநீரில் நனைந்த பஞ்சு மெத்தை, தலையணை, திறந்த உணவுப்பொருள், மருந்து ஆகியவற்றை அகற்றிவிடுவதே பாதுகாப்பானது. எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களை வெந்நீரில் கழுவிப் பயன்படுத்தலாம்.

தொழிலாளர்

2015 வெள்ளத்திற்குப் பின் தெருக்களில் குவிந்த மெத்தைகள், மரச்சாமான்கள், சேறு ஆகியவற்றை அகற்றப் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் சென்னைக்கு அழைத்துவரப்பட்டனர். வீடுகளுக்குள் நடந்த பணியில் நாட்கூலித் தொழிலாளர்களுக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கும் பெரும்பங்குண்டு. இவர்களுள் பலர் தாமும் வெள்ளத்தில் வீட்டை இழந்தோர்.

மூன்றாம் வகை நீரில் வேலை செய்வோருக்குக் காலணி, கையுறை, முகக்கவசம் அளிப்பது வேலை தருவோரின் கடமை. கழிவுத் தொட்டியிலும் சாக்கடையிலும் பாதுகாப்புக் கருவியின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டு மனிதக் கழிவகற்றும் பணித் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இச்சட்டம் தனி வீட்டு உரிமையாளர்களுக்கும் பொருந்தும். தொட்டிகளில் தேங்கும் வாயுக்கள் சில நொடிகளில் உயிரைப் பறிக்கவல்லவை.

காப்புறுதியும் நிவாரணமும்

இந்தியாவில் வீட்டுக் காப்புறுதி எடுப்போர் குறைவு. 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் கிருக ரட்சா’ என்னும் பொதுவான வீட்டுக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் உள்ளது. வெள்ளச் சேதம் இதில் அடங்கும். கட்டடக் காப்புத் தொகையில் 20 விழுக்காடு வரை, உச்சவரம்பு 10 இலட்சம் உரூபாய்க்கு உட்பட்டு, வீட்டுப் பொருட்களுக்கும் காப்பு உண்டு. வாடகைக்கு இருப்போர் பொருட்களுக்கு மட்டும் காப்புறுதி பெறலாம். உரிமை கோருவோர் தூய்மையாக்கும் முன்பே நீர்க்கறையின் உயரம், சேதமடைந்த பொருட்கள் ஆகியவற்றை நிழற்படம் எடுத்துவைத்தல் அவசியம்.

அரசு நிவாரணம் சேத மதிப்பீட்டின் அடிப்படையில் அன்றிப் பெரும்பாலும் சீரான தொகையாக வழங்கப்படுகிறது. 2015இல் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 5,000 உரூபாயும், 2023இல் 6,000 உரூபாயும் அளிக்கப்பட்டன. ஒரு வீட்டைச் சீரமைக்கும் செலவின் பெரும்பகுதி இதனால் வீட்டாரையே சார்கிறது.

முன்காப்பு

2015க்குப் பின்னர் வரதராஜபுரம், முடிச்சூர் பகுதிகளில் அடையாற்றை அகலப்படுத்துதல், மூடுகால்வாய் அமைத்தல் ஆகிய பணிகள் மேற்கொள்ளப்பட்டன. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டு ராம்சர் தளமாக அறிவிக்கப்பட்டது. வீட்டளவில் பின்வரும் ஏற்பாடுகள் சேதத்தைக் குறைக்கும்.

* மின்செருகிகளையும் இன்வெர்ட்டரையும் முந்தைய வெள்ளக் குறிக்கு மேலே பொருத்துதல்
* தரைக்கீழ்த் தொட்டியின் வாயை உயர்த்திக் கட்டி, நீர்புகா மூடி இடுதல்
* கழிவுக்குழாயில் நீர் பின்னோக்கி ஏறாதபடி தடுப்பிதழ் பொருத்துதல்
* தரைத்தள அலமாரிகளுக்கு ஒட்டுப்பலகைக்கு மாற்றாகக் கடப்பைக்கல், உலோகம் முதலியவற்றைப் பயன்படுத்துதல்
* ஆவணங்களை நீர்புகாப் பையிலிட்டு மேல்தளத்திலோ பரணிலோ வைத்தல்

தரைமட்டத்தை உயர்த்திக் கட்டுவதும் பரவலாக உள்ளது. ஆயின் ஒரு மனை உயர்த்தப்படும்போது அங்கு நின்ற நீர் அடுத்த மனைக்குச் செல்கிறது. இதனால் பழைய, தாழ்ந்த வீடுகளில் வெள்ளம் முன்னினும் உயர்ந்து நிற்க நேரிடுகிறது.

இவற்றையும் பார்க்க

* அடையாறு
* தாம்பரம்
* பள்ளிக்கரணை சதுப்பு நிலம்
* வடகிழக்குப் பருவமழை
* எலிக்காய்ச்சல்
* பூஞ்சணம்